அப்பாவும் வின்னிங்கன் வைன் திருவிழாவும்

வைன் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போய் வந்தோம் என்று சொன்னால் எங்கட ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "பிள்ளையளையும் கூட்டிக்கொண்டோ போனனீங்கள்?" என்பதுதான். ஓம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டுதான். போன வருடம் அப்பாவையும். அப்பா நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர், வாழ்நாளில் கள்ளைக்கூட வாயில் வைக்காதவர். ஆனால் அன்று பொழுதுபட்ட பிறகும் அவரை அந்த முற்றத்திலிருந்து எழுப்ப முடியவில்லை. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் வின்னிங்கன். கோப்லென்ஸிலிருந்து மோசல் ஆற்றோரம் போகிற ரெயிலில் ஏறினால் கால்மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். 2,500 பேர் அளவில் வாழ்கிற சின்ன ஊர். ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டெம்பர் ஆரம்பம் வரைக்கும் அங்கே மோசல் திருவிழா நடக்கும். ஜேர்மனியிலேயே பழைய வைன் திருவிழா தங்களுடையதுதான் என்று ஊர்ச் சனம் பெருமையாகச் சொல்லும். திராட்சை அறுவடைக்குச் சற்று முந்தின காலம் அது. அறுவடை தொடங்கிவிட்டால் பிறகு ஒருவருக்கும் தலை நிமிர நேரமிராது.

கல் பாவிய ஒடுங்கின தெருக்கள். சில இடங்களில் ஒரு வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்குத் தெருவுக்கு மேலாகவே திராட்சைக் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். திருவிழா நாட்களில் ஊர்ச் சதுக்கத்தில் குடும்பங்கள் தங்கள் தங்கள் வைனை ஊற்றும். சில வீடுகள் முற்றத்துப் பெரிய மரக்கதவைத் திறந்து, வாங்கு மேசைகள் போட்டு, வருகிறவர்களை உள்ளேயே இருத்திவிடும். முதலில் கிளாசுக்கு முற்பணம் கட்ட வேண்டும். திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பி வரும். கிளாசில் விளிம்புக்குக் கீழே 0.1, 0.2 லீற்றர் என்று கோடு போட்டிருக்கும். ஊற்றுகிறவர் அந்தக் கோட்டைக் கண் எடுக்காமல் பார்த்து ஊற்றுவார். கோட்டுக்குக் கீழே நின்றால் வாங்குகிறவர் கேட்கலாம், ஒருவரும் கோவிக்கமாட்டார்கள்.

குடிக்காதவர்களுக்கும் அங்கே இடமிருக்கிறது. அதே திராட்சையின் சாறு, புளிக்கவைக்காதது, எல்லா இடத்திலும் கிடைக்கும். என் பிள்ளைகள் சிவப்புச் சாற்றில் சோடாத் தண்ணீர் கலந்து அதே கோடு போட்ட கிளாசில் வாங்கிக் குடித்தார்கள். அப்பாவும் அதுதான்.

ஆனால் கிளாசைக் கையில் எடுக்க முதல் தலையை நிமிர்த்தி மலையைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். ரெயிலால் இறங்கினவுடனேயே மலை கண்ணுக்குள் வந்துவிடும். ஆற்றுக்கு அந்தண்டைப் பக்கம் காடு. இந்தப் பக்கம், தெற்குப் பார்த்த சரிவு முழுக்கத் திராட்சை. 30 சதவீதத்துக்கு மேல் சரிவு இருந்தால் இங்கே செங்குத்துத் தோட்டம் என்று கணக்கு. வின்னிங்கனின் ஊலன், ரொட்கன் என்கிற தோட்டங்கள் அந்தக் கணக்கையெல்லாம் எப்போதோ தாண்டிவிட்டன. சரிவு அவ்வளவு கடுமையாக இருப்பதால் மலையைப் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படிக்கும் சாந்து இல்லாமல் கல்லுக்கு மேல் கல் அடுக்கிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். சில படிகளில் இரண்டு மூன்று வரிசைக் கொடிக்குத்தான் இடம். உழவு இயந்திரம் ஏறாது. கூடையைச் சுமந்துகொண்டு கல்லுப்படியில் ஏறி இறங்க வேண்டும். வசதியான இடங்களில் ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடுகிற சின்ன வண்டி ஒன்று ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்கும். மருந்தடிக்க ஹெலிகொப்ரர் வருகிறது.

இவ்வளவு பாடுபட்டு ஏன் இந்த மலையில் வைக்க வேண்டும்? வின்னிங்கன் இருப்பது வட அகலாங்கு 50 பாகைக்கும் சற்று மேலே. திராட்சைக்கு அது ஏறக்குறைய வடக்கு எல்லை. சமதரையில் வைத்தால் ரீஸ்லிங் என்கிற அந்தப் பிந்திப் பழுக்கிற சாதிக்குச் சூடு காணாது. தெற்குப் பார்த்த சரிவில் வெயில் நேராக விழுகிறது. கீழே ஆறு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. நிலமோ மண் என்று சொல்ல முடியாத பலகைக்கல், சுமார் 40 கோடி வருடத்துக்கு முந்தின கடலடிச் சேறு இறுகிக் கல்லானது. பகல் முழுக்கச் சூடேறி, இரவில் அந்தச் சூட்டை மெல்ல மெல்லக் கொடிக்குக் கொடுக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்கு அந்தச் சுவரில் கையை வைத்துப் பாருங்கள், கல்லில் இன்னும் வெக்கை நிற்கும். உரோமர் காலத்திலிருந்தே இந்தப் பள்ளத்தாக்கில் வைன் செய்கிறார்கள். வைன் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு போகிற படகைச் செதுக்கின உரோமர் காலத்துக் கல்லொன்று நொய்மாகனில் எடுக்கப்பட்டு, இப்போது ட்ரியர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எனக்கு இதிலெல்லாம் இவ்வளவு ஈடுபாடு வருவதற்குக் காரணம் அப்பாதான். நாங்கள் உரும்பிராய். செம்மண்ணும் கிணறும் இருந்த காணியில் அப்பா முந்திரிகைத் தோட்டம் செய்தவர் (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் திராட்சையைத்தான் முந்திரிகை என்போம்). கல்லுத்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். பின்னேரத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் இலைக்கு நடுவே குலை குலையாகக் கறுத்துத் தொங்கும். பழுக்கத் தொடங்கினால் அணிலும் வௌவாலும் வரும், வலை கட்ட வேண்டும். மழை பெய்து ஈரம் நின்றால் இலையில் பூஞ்சணம் வரும், மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து அடிக்க வேண்டும். அப்பாவின் சாரத்தில் அந்த நீலக்கறை எந்த நாளும் இருக்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்து மண்ணெண்ணெய் கிடையாமல் போனது. மெஷின் போட்டு இறைக்க வழியில்லை. பிறகு 1995இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது பந்தலை விட்டுவிட்டு வந்தோம். திரும்பிப் போனபோது தூண்கள் மட்டும் நின்றன. அப்பா அதற்குப் பிறகு முந்திரிகை வைக்கவில்லை.

அதனால் அப்பா எங்களிடம் வருகிறார் என்றவுடன், கோட்டை, தேவாலயம் எல்லாவற்றுக்கும் முதல் இந்தத் திருவிழாவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று முடிவெடுத்திருந்தேன். என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற ஒருத்தி அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவளுடைய புருஷன் வீட்டார் பரம்பரையாக வைன் தோட்டக்காரர். "அப்பாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா, மாமாவோடு கதைக்கட்டும்" என்று அவளும் சொல்லியிருந்தாள்.

ரெயிலால் இறங்கி மலையைப் பார்த்த அப்பா முதலில் கேட்டது: "உது என்ன பிள்ளை, ஒவ்வொண்டும் தனித்தனிக் கம்பிலை நிக்குது? பந்தல் போடமாட்டினமோ?"

அவர்களுடைய முற்றத்துக்குள் நுழைந்தால் வேலைப் பங்கீடு பார்த்தவுடனேயே விளங்கும். சம்பளத்துக்கு ஆள் பிடிப்பதில்லை, எல்லாம் வீட்டு ஆட்கள்தான். மகன் வைன் ஊற்றுகிறார். நிலவறையில் புளிக்கவைக்கிற பொறுப்பு இப்போது அவரிடம், அதற்கென்று படித்தவர். என் சினேகிதி காசும் கணக்கும். பதினைந்து பதினாறு வயசுப் பேரப்பிள்ளைகள் மேசை மேசையாகப் போய் வெறுங்கிளாஸ் பொறுக்குகிறார்கள். கிளாஸ் கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, எண்பது தாண்டின மாமியார் ஒவ்வொரு கிளாசாகத் துடைத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து அடுக்குகிறார். வீட்டு ஆட்கள் மட்டுமில்லை, வந்தவர்களும் அவரை ஓமா, அதாவது பாட்டி, என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் சின்னவளும் கூப்பிடத் தொடங்கிவிட்டாள். ஓமா அவளுக்கும் ஒரு துணியைக் கொடுத்து, கிளாசின் காலைப் பிடிக்காமல் கிண்ணத்தைப் பிடித்துத் துடைக்கச் சொல்லிக் காட்டினார். காலைப் பிடித்துத் திருகினால் முறிந்துவிடுமாம்.

சாப்பாட்டுக்கு வெங்காயம் போட்டுச் சுட்ட கேக், உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை, அதற்குத் தொட்டுக்கொள்ள அப்பிள் கூழ். வெங்காயக் கேக்கில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். என் சினேகிதி அப்பாவுக்கென்று ஒன்று இறைச்சியில்லாமல் வேறாகச் சுட்டு வைத்திருந்தாள். அதோடு ஃபெடர்வைஸர் என்று ஒன்று தருவார்கள். முந்திப் பழுக்கிற சாதிகளைப் பிழிந்து, இன்னும் புளித்துக்கொண்டிருக்கும்போதே எடுக்கிற கலங்கல் வைன். நுரைத்து, இனித்து, நாக்கில் கடிக்கும். போத்தல் மூடியை இறுக்கக் கூடாது, படுக்க வைக்கவும் கூடாது, அடுத்தடுத்த நாள் வேறு ருசி வந்துவிடும். எங்கள் ஊர்ப் பனங்கள்ளின் குணம் அப்படியே. காலையில் இறக்கினதற்கும் பின்னேரத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

நான் குடித்தது ரீஸ்லிங், சீனி தங்காத வறண்ட வகை. மகன் எனக்கு ஊலன் தோட்டத்தின் இரண்டு பகுதிகளிலிருந்து வந்த வைனைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஊற்றினார். ஊலன் ஒரே மலைதான். ஆனால் அதில் பிளௌஃபூசர் லை என்கிற பகுதியில் கல் நீலச் சாம்பல், ரோட் லையில் இரும்பு கூடிச் சிவப்பு, நடுவில் லௌபாக்கில் சுண்ணாம்பு கலந்த கல். இந்த மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியாகவே ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாக்கப்பட்ட பெயர் கிடைத்திருக்கிறது. கொடி ஒன்று, வெயில் ஒன்று, செய்கிற கை ஒன்று. நீலக்கல் வைன் மெலிந்து கூர்மையாக இருந்தது. சிவப்புக்கல் வைன் வாயில் நின்று, விழுங்கின பிறகும் போகாமல் இருந்தது. எனக்குப் பிடித்தது சிவப்பு. மகன் மேசையில் அந்த இரண்டு கல்லையும் கொண்டுவந்து வைத்திருந்தார். தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு மணந்து பார்க்கச் சொன்னார். வெயிலில் கிடந்த முற்றத்தில் முதல் மழைத்துளி விழும்போது எழும்புகிற மணம்.

இதற்குள் மாமாவும் அப்பாவும் ஒரு மேசையில் எதிரெதிரே இருந்தாயிற்று. மாமா என்று நான் சொல்வது என் சினேகிதியின் மாமனாரை. அப்பாவை விட இரண்டொரு வயசு கூட இருக்கும். நான் நடுவில் மொழிபெயர்ப்பு. முதலில் இரண்டு பேரும் மரியாதைக்குக் கதைத்தார்கள். கொடி வெட்டுகிற கதை வந்தவுடன் எனக்கு மூச்சுவிட நேரம் தரவில்லை.

அப்பா, நாங்கள் வருடத்தில் இரண்டு தரம் வெட்டி இரண்டு தரம் பழம் எடுப்போம் என்றார். மாமா கிளாசைக் கீழே வைத்துவிட்டார். "இரண்டு தரமா? அப்போ கொடி எப்போது நித்திரை கொள்ளும்?"

இங்கே கொடிக்கு நித்திரை குளிரோடு தானாக வரும். இலை கொட்டி, சாறு இறங்கி, தை மாசிப் பனியில் விறைத்த கையோடு போய் வெட்டுவார்கள், வருடத்துக்கு ஒரே தரம். அப்பா சொன்னார்: "எங்கட ஊரிலை குளிர் எங்கை? அதுக்கு நித்திரையை நாங்கள்தான் குடுக்கவேணும். தண்ணியை நிப்பாட்டி, இலையை உருவி, பிறகுதான் கத்தி வைக்கிறது. வெட்டினாப் பிறகு தண்ணி விட்டால் திரும்ப முழிக்கும்." நான் இதைச் சொல்லி முடிக்க, மாமா கனநேரம் யோசித்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, முழுவதையும் அவருக்குத் திருப்பிச் சொன்னார்.

அதற்குப் பிறகு மாமா எழும்பி, எங்களை வீட்டுக்குப் பின்னால் முதல் படித் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு கொடிக்கும் ஆளுயரத்துக்கு மேலே ஒரு கம்பு. வெட்டும்போது இரண்டு நீளக் கிளைகளை மட்டும் விட்டு, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வளைத்து, நுனியைக் கீழே கொண்டுவந்து கம்போடு கட்டிவிடுகிறார்கள். இலை இல்லாத காலத்தில் பார்த்தால் மலை முழுக்க இதய வடிவமாக இருக்கும். கட்டியிருந்தது வில்லோ என்கிற மரத்தின் குச்சியால், அதுவும் இளசாக வெட்டின குச்சியால். அப்பா குனிந்து இலையை விலக்கி அந்தக் கட்டைத் தேடிப் பிடித்தார். காய்ந்து பழுப்பேறியிருந்தது. ஆனால் இறுக்கம் விடவில்லை. இரண்டு சுற்று, பிறகு இரண்டு நுனியையும் முறுக்கி உள்ளுக்குள் செருகினது, முடிச்சில்லை. அப்பா விரலால் அதைத் தடவிப் பார்த்து, "நாங்கள் வாழைநாரிலை கட்டுறது. இது கெட்டி" என்றார். ஈர நாளில்தான் வளைக்க வேண்டும், காய்ந்த நாளில் வளைத்தால் கிளை பிளந்துவிடும் என்று மாமா கையாலேயே காட்டினார். அதற்கு என் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

இலையில் நீலம் இருப்பதை அப்பா கண்டுவிட்டார். "துத்தம் அடிக்கினமோ?" ஓம், செம்பு மருந்துதான். அதே பூஞ்சணம், அதே மருந்து. மாமா சிரித்துக்கொண்டு அப்பாவின் தோளில் தட்டினார்.

திரும்பி வந்து இருந்த பிறகு அப்பா கேட்ட கேள்விதான் எனக்குள் நிற்கிறது. "விலை ஆர் சொல்லுறது எண்டு கேள்."

உரும்பிராயில் விலையை நாங்கள் சொன்னதில்லை. பழம் பழுத்தால் நிற்காது. இரண்டு நாள் தாமதித்தால் உதிரும், குளவி வரும். வியாபாரி அதை அறிந்துதான் வருவார். பந்தலுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்து ஒரு விலை சொல்வார். அதுதான் விலை. எங்கள் பழத்தைக் கொழும்பில் யார் சாப்பிட்டார்கள், அது அவர்களுக்கு இனித்ததா என்று அப்பாவுக்கு ஒருநாளும் தெரியவந்ததில்லை.

மாமா சொன்ன பதில் இது. அவருடைய தகப்பன் காலத்தில் இங்கேயும் அப்படித்தான். 1,000 லீற்றர் பெரிய மரப்பீப்பாயாகக் கோப்லென்ஸ் வியாபாரிகளுக்கு விற்றார்கள். வியாபாரி நிலவறைக்கு வந்து ருசி பார்த்து ஒரு விலை சொல்வார். வீட்டுப் பெண்கள் அவருக்கு நல்ல சாப்பாடு சமைத்து வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்களாம். ஓமா தொட்டிக்கு அருகிலிருந்து, "அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது" என்றார். பிறகு சிறிது சிறிதாகத் தாங்களே போத்தலில் அடைத்து, தங்கள் பெயரை ஒட்டி, திருவிழாவில் குடித்துப் பார்த்தவர்களின் விலாசத்தை எழுதிவைத்து, வாசலில் விற்கத் தொடங்கினார்கள். இப்போது அவர்களுடைய வைனில் பெரும்பங்கு அப்படித்தான் போகிறது. ஆறு போத்தல் பெட்டி, பன்னிரண்டு போத்தல் பெட்டி. வாங்குகிறவர்களில் பலர் திருவிழாவில் முதன்முதல் வந்து இருந்தவர்கள். சிலருடைய தகப்பன் தாயும் வாங்கினவர்கள்.

அப்பா அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

அதனால்தான் இந்தத் திருவிழாவை வெறும் குடிக் கொண்டாட்டம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வருடம் முழுக்க அந்தப் படிகளில் ஏறி இறங்கின ஆள், தன் கையாலேயே ஊற்றி, குடிக்கிறவரின் முகத்தைப் பார்த்து, நல்லதா இல்லையா என்று தெரிந்துகொண்டு, தான் சொல்கிற விலையை வாங்குகிற இடம் அது. விவசாயிக்கு இது எங்கே கிடைக்கிறது?

அவர்களுக்கு எல்லாம் நன்றாக நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சுப்பர்மார்க்கெற்றில் மூன்று நான்கு யூரோவுக்கு வைன் போத்தல் கிடைக்கிறது. சமதரையில் இயந்திரம் ஓட்டி எடுக்கிற வைனோடு, கூடையில் சுமந்து எடுக்கிற வைன் விலையில் போட்டி போட முடியாது. மோசல் பிரதேசத்தில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 12,000 ஹெக்டேயருக்கு மேல் இருந்த திராட்சை நிலம் இப்போது 8,500 ஹெக்டேயர் அளவுக்கு வந்துவிட்டது. முதலில் கைவிடப்படுவது செங்குத்துச் சரிவுதான். கைவிட்ட படிகளை முட்பற்றை மூடுகிறது, பராமரிக்காத சுவர் சரிகிறது. 2024 ஏப்ரலில் பிந்தி விழுந்த உறைபனி மேலே சார், ரூவர் என்கிற கிளையாறுகளின் பக்கங்களில் தளிரையெல்லாம் கருக்கிவிட்டது. அங்கே பலர் அந்த வருட விளைச்சலில் பெரும்பகுதியை இழந்தார்கள்.

அந்தச் சுவர்களோடு இன்னோர் உயிரும் போகும். வெள்ளைச் செட்டையில் கறுப்பும் சிவப்புமாகப் பொட்டு வைத்த அப்பொல்லோ வண்ணத்துப்பூச்சியின் ஓர் உபஇனம் கீழ் மோசலில் மட்டுந்தான் வாழ்கிறது. அதன் விஞ்ஞானப் பெயரிலேயே வின்னிங்கன் இருக்கிறது. அதன் புழு தின்பது, வெயில்படுகிற கற்சுவர் இடுக்கில் முளைக்கிற வெண்பூச் செடி ஒன்றை. பற்றை மூடினால் அந்தச் செடி சாகும். திருவிழாக் காலத்தில் அந்தப் பூச்சியைக் காண முடியாது, அது மேயிலிருந்து யூலை வரைக்குமான ஆள். ஆனால் மாமா தன் சுவரிலிருக்கிற அந்தச் செடியைப் பிடுங்காமல் விட்டிருப்பதை எங்களுக்குக் காட்டினார்.

இந்தக் குடும்பங்கள் ஒன்றையொன்று கைவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021 யூலையில் பக்கத்தில் ஆர் என்கிற ஆற்றின் பள்ளத்தாக்கில் வெள்ளம் வந்து 130க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், வைன் நிலவறைகள் சேற்றால் நிரம்பின. அப்போது நாட்டின் மற்ற வைன் பிரதேசங்களிலிருந்து தோட்டக்காரர்கள் தங்கள் உழவு இயந்திரத்தோடு போய்ச் சேறு அள்ளினார்கள், கொடி பார்த்தார்கள், அந்த வருட அறுவடையை எடுத்துக் கொடுத்தார்கள். என் சினேகிதியின் புருஷனும் போனவர். கிழமைக்கணக்கில் வீட்டுக்கு நித்திரை கொள்ள மட்டும் வந்தார் என்று அவள் வேலையிடத்தில் சொன்னது நினைவிருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு அந்தத் திருவிழாவில் ஒவ்வாது. சதுக்கத்தில் வைன் சூனியக்காரியின் நீரூற்று இருக்கிறது. திருவிழாவில் அதிலிருந்து வைன் வரும், சனம் சிரித்துக்கொண்டு கிளாசைப் பிடிக்கும். ஆனால் 17ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் சூனியம் செய்தார்கள் என்று வழக்கு நடத்தி உண்மையான மனிதர்களைக் கொன்றிருக்கிறார்கள். அவர்களுக்கு ஊரில் நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள் என்பது நல்லது. திருவிழாவுக்குப் போகிறவர்கள் அங்கேயும் ஒரு தரம் போய்வர வேண்டும் என்று நான் நினைக்கிறேன். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், நடந்ததைச் சொன்னேன்.

பொழுதுபட்டு, ஊரின் வாத்தியக் குழு தொடங்கின பிறகும் அப்பா எழும்பவில்லை. ஆற்றுக்கு மேலே 136 மீற்றர் உயரத்தில் போகிற நெடுஞ்சாலைப் பாலத்தில் வாகன வெளிச்சம் ஓடத் தொடங்கிவிட்டது. மாமா அப்பாவுக்கு ஒரு வெட்டுக்கத்தி கொடுத்தார், தான் பாவித்தது. விமானத்தில் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுபோகலாம், கையில் கொண்டுபோகக் கூடாது என்று மகன் கவனமாகச் சொல்லிவிட்டார்.

ரெயிலில் அப்பா சொன்னது: "எங்கடையள் இப்பவும் செய்யினம் பிள்ளை. உரும்பிராய், நீர்வேலி, சுன்னாகம் பக்கமெல்லாம் பந்தல் இருக்கு. உதுமாதிரி ஒரு நாள் திருவிழா வைச்சால் என்ன?" வைன் வேண்டாம். தோலகட்டி ஆச்சிரமத்தில் துறவிகள் பழரசமும் வைனும் செய்து பெயர் எடுத்திருக்கிறார்கள், அந்த வேலை அவர்களுக்குத் தெரியும். மற்றவர்கள் பழமும் சாறும் வைத்தால் போதும். முந்திரிகை பழுக்கிற காலத்தில் ஒரு பின்னேரம், தோட்டக்காரர் ஒவ்வொருவரும் தங்கள் பந்தலுக்குக் கீழே வாங்கு போட்டு, தங்கள் பெயரை எழுதி, தங்கள் கையால் கொடுத்து, விலையைத் தாங்களே சொல்லட்டும். அப்பா ஊருக்குத் திரும்பிப் போய் இரண்டு மூன்று பேரிடம் கதைத்திருக்கிறார். அவர்கள் யோசிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். போன கிழமை தொலைபேசியில், கிணற்றடிக்குப் பக்கத்தில் தடி நட்டிருக்கிறேன் என்றார். எத்தனை தடி என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இந்த வருடமும் ஓகஸ்ட் கடைசியில் நாங்கள் போகிறோம். கோப்லென்ஸ், பொன், கொலோன் பக்கமிருக்கிற எங்கட ஆட்கள் வருவதென்றால் ரெயிலில் வாருங்கள், ஊருக்குள் கார் விட இடம் தேடி அலையக் கூடாது. படியேறக்கூடிய சப்பாத்துப் போடுங்கள். வெங்காயக் கேக் இறைச்சியில்லாமல் வேண்டுமென்றால் முதலே கேட்டுவிடுங்கள். வைன் வாங்குவதென்றால் எந்தச் சுவரில் விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள். அவர்களுக்கு அந்தக் கேள்வி சரியான சந்தோஷம்.